முப்பத்தெட்டாவது பாட்டு

ஈர ரப்பர் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் 'சளப் சளப்' என்று அறைந்து, சாலைச் சேற்றைப் பின்னங்காலிலிருந்து முதுகு வரைக்கும் புள்ளி புள்ளியாக வீசிக்கொண்டிருந்தது. மேலகரம் தாண்டியாகிவிட்டது. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. மழை என்றும் சொல்ல முடியாத, நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாத சாரல் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற பேருந்துகள் ஜன்னலெல்லாம் துண்டும் தலையுமாக என்னைத் தாண்டிப் போயின. டிக்கெட்டுக்குச் சில்லறை இருந்தும் நான் ஏறவில்லை. ஏறினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும், அதைவிட நடப்பது சுலபமாக இருந்தது. சட்டைப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் அட்டை, வியர்வையும் சாரலுமாகத் துணியோடு ஒட்டிக்கொண்டு, எட்டு வைக்கும்போதெல்லாம் நெஞ்சில் உரசியது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பல்லடத்தில் கோழிப்பண்ணை, கொல்லத்தில் முந்திரி ஆலை, பெங்களூரில் புதுக் கட்டடங்களுக்குத் தண்ணீர் விடுகிற வேலை என்று எத்தனையோ இடங்களிலிருந்து இதே செருப்புச் சத்தத்தோடு கிளம்பிப் போயிருக்கிறேன். சில இடங்களில் துரத்தினார்கள், சில இடங்களில் சம்பளம் தரவில்லை, சில இடங்களில் காரணம் என்று ஒன்றுமே இல்லை. முதன்முதலாகக் கிளம்பிய இடத்துக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. அதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு வாங்கிக்கொள்வதற்கென்று முன்கூட்டியே பணம் கட்டிய பரிசு அட்டை ஒன்று அந்தக் காலத்தில் உண்டு. நாங்கள் அதைப் 'பாட்டு கார்டு' என்றோம். அதுதான் காரணம்.

நான் கிளம்பி வந்தது தென்காசியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு டிரஸ்ட் நடத்திய மாணவர் விடுதியிலிருந்து. நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். தகப்பன் இல்லாதவர்கள், தகப்பன் இருந்தும் பயனில்லாதவர்கள், ஊருக்குப் பேருந்து வராதவர்கள். நான் முதல் வகை. கடையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அப்பா 'ரேடியோ செட்டு' வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுகிற தொழில். ஒரு கொடைக்கு வேப்பமரத்தில் குழாய் கட்டும்போது கிளை முறிந்து விழுந்தார், ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார், செட்டை விற்றோம், அவரும் போய்விட்டார். அம்மா பீடி சுற்றினாள். ஒன்பதாம் வகுப்புக்கு என்னைக் கொண்டுவந்து இந்த விடுதியில் விட்ட அன்று, "பாட்டும் வேண்டாம், மரமும் வேண்டாம்யா. நிழல்ல உக்காந்து செய்யுத வேலைக்குப் படி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். ஆனால் அப்பாவின் தொழில் விடுதிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் எனக்குக் 'குழாய்' என்று பெயர் வந்துவிட்டது.

மற்ற செட்டுக்காரர்கள் மைக்கைச் சோதித்துப் பார்க்க "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். எண்களில் மைக்கின் தரம் தெரியாது என்பது அப்பாவின் கட்சி. அதற்கென்று அவரே கட்டிய இரண்டு வரி உண்டு:

"காத்தே காத்தே கடையத்துக் காத்தே,
கடைசி வீட்டுக்குக் கேக்குதா, சொல்லு காத்தே."

'கேக்குதா' என்ற இடத்தில் குரலை உச்சிக்குக் கொண்டுபோவார், குழாய் கிறீச்சிடுகிறதா என்று பார்க்க. 'சொல்லு' என்ற இடத்தில் அடியில் இறக்குவார், சத்தம் உடைகிறதா என்று பார்க்க. எனக்கு அதில் ஒரு வேலை இருந்தது. தெருவின் கடைசி வீட்டுக்கு ஓட வேண்டும். பாட்டுக் கேட்டால் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். அந்த ஊர்களின் கடைசி வீடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். முதல் வீடுகளைத்தான் பார்த்ததில்லை.

விடுதிக்கு வருவோம். அங்கே உபயதாரர்களுக்கு நாங்கள் வைத்த பெயரெல்லாம் அவர்கள் கொடுத்த பொருளிலிருந்து வந்தது. பிறந்தநாளுக்கு லட்டுப் போடுகிறவர் 'லட்டு டாக்டர்', வருடா வருடம் முட்டை வாங்கித் தருகிறவர் 'முட்டை டீச்சர்', பற்பசை கொடுத்தவர் 'பேஸ்ட் சார்'. காலையில் எழுந்ததும் சமையல்காரர் மாடசாமி அண்ணாச்சியிடம் போய் "இன்னைக்கு யாரு?" என்று கேட்போம். ஒரு சீசனில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம், அண்ணாச்சி கரண்டியைத் தட்டிக்கொண்டே, "அமெரிக்காவுலேருந்து வாராவளாம். மகளுக்குப் பொறந்தநாளு. அரிசி ஊறப்போட வேண்டாம்னு வார்டன் சொல்லிட்டாரு" என்றார். அரிசி வேண்டாம் என்றால் வெளியிலிருந்து பிரியாணி வருகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு யாருக்கும் பாடம் ஏறவில்லை.

சாயங்காலம் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த உபயதாரருக்குப் பூர்வீகம் தென்காசி, குற்றாலத்தில் குளிக்க வருடம் ஒருமுறை குடும்பத்தோடு வருகிறவர். மகள் பெயர் நித்யா. என் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கையில் பிரியாணி இல்லை, ஒரு காகிதப் பை இருந்தது. ஆளுக்கொரு அட்டையை அவளே எடுத்து நீட்டினாள். அட்டையில் ஆடுகிற ஓர் ஆளின் நிழல், பின்பக்கம் ஒரு வெள்ளிப் பட்டை.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது மியூசிக்தான்" என்று எழுத்துக் கூட்டுவதுபோலப் பேசினாள். "உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்களே தேர்ந்தெடுத்து, வாங்கிக் கேக்கணும். ஒரு கார்டுல பத்துப் பாட்டு வாங்கலாம். நான் ஒரு வருஷமாச் சேர்த்து வாங்கினேன்."

வார்டன் கண்ணைக் காட்ட, கைதட்டினோம். என் பக்கத்தில் நின்ற இசக்கிமுத்து, புளியங்குடிக்காரன், அவன் அப்பா எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டை ஏற்றுகிறவர், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக, "ஏலே குழாய், பிரியாணி எங்கலே?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்?"

"இந்தப் பட்டைக்கு உள்ள வச்சிருப்பாவளோ? சொரண்டிப் பாத்துருவோம்."

அவர்கள் கார் கிளம்பியதும் எல்லோரும் சுரண்டினோம். வெள்ளிப் பட்டை உள்ள கார்டு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பெட்டிக்கடையில் விற்கிற மொபைல் டாப்-அப். இசக்கி சமையற்கட்டிலிருந்து அண்ணாச்சியின் போனை எடுத்து வந்தான். டாப்-அப் கார்டுக்குத் தட்டுகிற மாதிரியே தட்டினான். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. அதை எப்படித் தட்டுவது என்று தெரியாததால் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் தட்டினான். போனுக்குள் இருந்த பெண் நீங்கள் அளித்த எண் தவறானது என்றாள். அடுத்தவன் கார்டு, அதுவும் தவறு. அதற்கடுத்தது. நாலாவதுக்கு அவள் எதுவுமே சொல்லவில்லை. அண்ணாச்சியின் போனில் டாப்-அப் ஏற்றுகிற வசதியை ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டார்கள்.

"கரிமுடிவானுவளா! என் மவகிட்ட நான் எப்படிப் பேசுவேன்?" என்று அண்ணாச்சி கரண்டியோடு துரத்தினார். "அந்தப் பிள்ள ஆளுக்கு ரெண்டு முட்டைய குடுத்திருந்தா அவிச்சுப் போட்டுட்டுச் சிவனேன்னு இருந்திருப்பேன். பாட்டாம்லா பாட்டு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இசக்கியும் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு நெட் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்து, கம்ப்யூட்டரில் அந்தக் கடையைத் திறந்து, எண்ணையும் எழுத்தையும் அடித்தார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. இன்னொரு தடவை அடித்தார், அதே வரி. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"தம்பி, இது அந்த ஊருக் கடையில மட்டுந்தான் செல்லும். நம்ம ஊர்லேருந்து வாங்க முடியாதாம்."

"பாட்டு கம்ப்யூட்டர்லதான வருது? அதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" என்றேன்.

"அத அவன்ட்டதான் கேக்கணும். பாட்டு கேக்கவும் விசா வேணுங்கான். நீங்க என்னத்துக்கு அலையுதீய? ஒரு மெமரி கார்டு கொண்டாங்க, ஐந்நூறு பாட்டு ஏத்தித் தாரேன்."

மெமரி கார்டு போடுவதற்கு எங்களிடம் போன் இல்லை. திரும்பி வந்து வார்டனிடம் சொன்னோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், மேலே பார்த்தார். அந்த விடுதியில் யாராக இருந்தாலும் யோசிக்கும்போது மேலேதான் பார்ப்போம். நாட்டு ஓட்டுக் கூரை, சாரல் காலத்தில் ஒழுகாத இடம் என்று பாய் அகலத்துக்கு ஏழெட்டு இடங்கள்தான், அந்த இடங்களுக்குச் சண்டை. போன சீசனில் இரண்டு பேருக்கு நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வார்டன் தன் கட்டிலுக்கு மேலேயே ஒரு குடையை விரித்துக் கட்டியிருந்தார்.

"இங்க பாருங்கலே" என்றார். "அந்த சார் கூரையப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு. முழுசா மாத்தித் தாரேன்னு சொல்லியிருக்காரு. மக சந்தோஷப்பட்டா எல்லாம் நடக்கும். கார்டு செல்லலன்னு இப்பம் சொன்னா அந்தப் பிள்ள அழும், அவரு மனசு விட்டுப்போவும். யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அவரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அட்டைகள் கொஞ்ச நாள் எங்கள் கையில் பல வேலை செய்தன. புத்தகத்தில் அடையாளம் வைத்தோம், காலில் அப்பிய சேற்றை வழித்தோம், சப்பாத்தி மாவுப் பலகையைச் சுரண்ட அண்ணாச்சியே ஏழெட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் கடிதம் எழுதும் நாள் வந்தது. உபயதாரர் யார் வந்து போனாலும் நன்றிக் கடிதம் எழுதுவது விடுதியின் வழக்கம். வார்டன் கரும்பலகையில் மாதிரி எழுதிப் போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். இந்தத் தடவை மாதிரியில் இரண்டு இடங்களில் கோடு போட்டு விட்டிருந்தார். 'நான் வாங்கிய பாட்டு', அதற்கு எதிரே ஒரு கோடு. 'இது எனக்குப் பிடிக்கக் காரணம்', அதற்கு எதிரே ஒரு கோடு. யார் யார் என்ன பாட்டு வாங்கினார்கள் என்று நித்யா கேட்டிருந்தாளாம். ஒரே பாட்டை இரண்டு பேர் எழுதக் கூடாது என்றும் வார்டன் சொல்லிவிட்டார், சந்தேகம் வருமாம்.

முப்பத்தேழு பேரும் என்னிடம் வந்து நின்றார்கள். எனக்குத்தான் பாட்டுத் தெரியும். கல்யாண வீட்டில் எந்த நேரத்துக்கு எது, கொடையில் எதற்கு அடுத்து எது என்று குழாய்க்குக் கீழேயே வளர்ந்தவன் நான். மூன்று நாள் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் ஓரிடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தது அந்த மூன்று நாள்தான் என்று நினைக்கிறேன். பள்ளியில் உட்கார்ந்து எழுதக் கடைசி பெஞ்சு எனக்கு, விடுதியில் ஆளாளுக்கு முட்டையைப் பாதி பிய்த்து என் தட்டில் போட்டார்கள். அம்மாவைப் பற்றிய பாட்டுக்குத்தான் பெரிய போட்டி.

"அம்மா பாட்டு அஞ்சு பேருக்கு மேல கிடையாது" என்றேன்.

"எனக்கு அம்மையே இல்லலே, எனக்குக் குடுக்க மாட்டியா?" என்று ஒருவன் கேட்டான்.

"அப்பம் உனக்குத்தான் மொதல்ல. வேற யாரும் சண்டைக்கு வராதீங்க."

செங்கோட்டைக்காரன் சுடலைமணிக்கு ஒரு ரயில் பாட்டு. பிடிக்கக் காரணம், அவன் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும். இசக்கி காதல் பாட்டுத்தான் வேண்டும் என்று நின்றான். காரணம் என்ன எழுத என்று கேட்டதற்கு, "ராகம் நல்லாருக்கும்னு போடு. வார்டன் படிப்பாருல்லா" என்றான். இப்படி முப்பத்தேழு. ஒவ்வொன்றுக்கும் நான் காரணம் தேடியபோது அந்தப் பாட்டு உண்மையிலேயே என் காதில் கேட்டது. யாரும் எதையும் வாங்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை என்பதே ஒரு கட்டத்தில் எனக்கு மறந்துபோனது.

கடைசியில் என் கடிதம். கை வலித்தது. தெரிந்த பாட்டு இன்னும் நூறு இருந்தது, ஆனால் ஒன்றையும் எழுதத் தோன்றவில்லை. 'கடைசி வீட்டுப் பாட்டு' என்று எழுதினேன். கீழே அப்பாவின் இரண்டு வரியையும் எழுதினேன். பிடிக்கக் காரணம்: 'இது கடைசி வீடு வரைக்கும் கேட்கும்.' வார்டன் முப்பத்தெட்டையும் படிக்காமல் கட்டி அனுப்பினார். அவருக்குப் பாட்டு எதுவும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அவர் நெட் சென்டரிலிருந்து ஒரு தாளோடு வந்தார். நித்யா எழுதியிருந்தாள். எங்கள் பட்டியலை வைத்து ஒவ்வொரு பாட்டாகத் தன் கார்டில் வாங்கிக் கேட்கிறாளாம். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் காரில் அதுதான் ஓடுகிறதாம். ரயில் பாட்டு வந்தால் அவள் அப்பா வண்டியை மெதுவாக ஓட்டுகிறாராம். முப்பத்தேழு பாட்டும் கிடைத்துவிட்டது, முப்பத்தெட்டாவது மட்டும் எந்தக் கடையிலும் இல்லை, அந்த அண்ணன் அதை எங்கே வாங்கினார் என்று தெரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறோம், கூரை விஷயத்தையும் அன்றைக்கே பேசிவிடலாம் என்று முடித்திருந்தாள்.

வார்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "எய்யா முருகேசா, அது என்ன பாட்டு?"

சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவர் கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த குடையைப் பார்த்தார்.

"உண்மையச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்" என்றார். "உங்கப்பா பாட்டுன்னா, அப்பம் நீ கார்டுல வாங்கலன்னு ஆவும். நீ வாங்கலன்னா மத்தவன் எப்படி வாங்கினான்னு வரும். அப்படி ஒரு பாட்டே இல்ல, பேர மாத்தி எழுதிட்டேன்னு சொல்லிரு. ஒரு வார்த்தைதான்யா."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. வார்டன் அதைச் சத்தமாக வைத்து மேசைமேல் நிறுத்தினார். கதவுக்கு வெளியே முப்பத்தேழு பேரும் நெருக்கிக்கொண்டு நிற்கிற மூச்சு எனக்குக் கேட்டது.

"ஹலோ, முருகேசன் அண்ணாவா? அந்தக் கடைசி வீடு பாட்டு... நான் எல்லா இடத்திலயும் தேடிட்டேன். யார் பாடினது?"

"அப்படி ஒரு பாட்டு இல்லைங்க" என்றேன். "பேர மாத்தி எழுதிட்டேன்."

"ரெண்டு லைன் எழுதியிருந்தீங்களே?"

"அது சும்மா. அப்படி ஒண்ணு கிடையாது. யாரும் பாடல."

"ஓ" என்றாள். பிறகு, "அப்போ நீங்க எந்தப் பாட்டு வாங்கினீங்க?"

நூறு பாட்டுத் தெரிந்தும் வாயில் வந்த ஒன்றைச் சொன்னேன்.

"அது இருபத்தொண்ணாவது. ரயில் பாட்டு. சுடலைமணி வாங்கினது!"

வார்டன் கண்ணை மூடிக்கொண்டார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு" என்றேன். "சேந்து வாங்கினோம்."

அவள் சிரித்தாள். சந்தேகமே படாமல் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா உங்க பாட்டுதான் எனக்கு எல்லாத்தையும்விடப் பிடிச்சிருந்தது, கேக்காமலே. பரவாயில்லை" என்று சொல்லி, போனை அவள் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஓட்டுக்கும் மரத்துக்கும் ஏற்பாடு செய்யச் சொன்னார். கதவுக்கு வெளியே ஓவென்று கத்தினார்கள். அன்று மாடசாமி அண்ணாச்சி யாரும் கேட்காமலே கேசரி கிண்டினார். வார்டன் என் தோளைத் தட்டி, "நல்ல காரியம் செஞ்செ" என்றார். உண்மையாகவே அது நல்ல காரியம்தான். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அன்றிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிடும்போது எழுந்தேன், பாடத்தில் எழுந்தேன், பாயில் படுத்தால் எழுந்தேன். செட்டை விற்றபோது பெட்டி போனது, ஆம்ப்ளிஃபயர் போனது, குழாய் போனது. பிறகு அப்பாவும் போனார். மீந்தது இரண்டு வரி. அதையும் யாரும் பாடவில்லை என்று என் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், என் தகரப் பெட்டியை இசக்கியின் பக்கம் தள்ளினேன்.

"எங்கலே போற?"

"தெரியல."

"கூறு கெட்டவனே, ஒழுகுதப்பல்லாம் கெடந்துட்டு ஓடு மாத்துதப்ப போறேங்க. வார்டன் ஏசினாரா?"

"இல்ல."

"எவனும் அடிச்சானா? சொல்லு."

"யாரும் ஒண்ணும் செய்யல லே. நீ நல்ல இடமாப் பாத்துப் படு."

அவன் பெட்டியைத் திறந்து, அதற்குள் கிடந்த பாட்டு கார்டை எடுத்து என் சட்டைப் பையில் செருகினான். "இத மட்டும் ஏன் எனக்கு விட்டுட்டுப் போற? இருக்கட்டும், ஒரு நா அமெரிக்கா போனா பாட்டு வாங்கு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

கூரை போட்டார்கள் என்று பிறகு அவன்தான் சொன்னான். ஓட்டுக்குக் கீழே மரப்பலகை அடித்து, சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி. நான் அதற்குக் கீழே ஒருநாளும் படுக்கவில்லை. அந்தப் பக்கம் போன வருடம் போயிருந்தேன். விடுதி இல்லை. கூரையும் இல்லை, ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துகிற இடமாக இருக்கிறது. நெட் சென்டர் இருந்த இடத்தில் டீக்கடை. வெள்ளிப் பட்டையைச் சுரண்டுகிற கார்டு எதையும் எந்தப் பெட்டிக்கடையிலும் காணோம். பாட்டைக் காசு கொடுத்து ஒன்றொன்றாக வாங்கினார்கள் என்று என்னோடு வேலை செய்கிற பையன்களிடம் சொன்னால், தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காத காலத்தைப் பற்றி நாங்கள் கேட்டதுபோல் கேட்கிறார்கள். என் போனில் இப்போது எல்லாப் பாட்டும் வருகிறது, கேட்காததும் வருகிறது. ஒருமுறை அப்பாவின் முதல் வரியைத் தட்டிப் பார்த்தேன். காற்றைப் பற்றி என்னென்னவோ வந்தது. அது வரவில்லை. குற்றாலத்துக் கடைகளிலும் இப்போது பதிவு செய்த குரலே நாள் முழுக்கக் கூவுகிறது, மூச்சு வாங்காமல், ஆளைப் பார்க்காமல்.

அன்றைக்கு நான் குற்றாலம் போய்ச் சேரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஈரத்தோடு படுத்து, விடிந்ததும் எழுந்து, பேரருவிக்குப் போகிற பாதையில் நடந்தேன். சீசன் கூட்டம், தலையில் எண்ணெய் வழிய வழிய ஆட்கள். பாதையோரத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிற ஒரு கடை. கடைக்காரர், தோளில் சிவப்புத் துண்டு போட்ட பெரிய உடம்புக்காரர், மைக்கைப் பிடித்து, "சுடச்சுட ஏத்தங்காய் சி... சி..." என்று திணறிக்கொண்டிருந்தார். சத்தம் வெட்டி வெட்டி வந்தது. போகிறவர்கள் சிரித்தார்கள். எதிர்க்கடைக்காரர், "என்னவே, சிப்ஸ் விக்கேரா, காக்கா வெரட்டுதேரா?" என்றார்.

"பின்னு லூசு அண்ணாச்சி" என்றேன். "மைக்குக்கு ஒண்ணுமில்ல."

"தள்ளி நில்லு, எண்ணெய் தெறிக்கும். உனக்கு எப்படிலே தெரியும்?"

"எங்கப்பா ரேடியோ செட்டு."

மைக் ஒயரின் பின் ஆம்ப்ளிஃபயர் ஓட்டையில் ஆடினால் அப்பா தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகுவார். சாரலில் தீப்பெட்டி அட்டை ஊறிவிடும். சட்டைப் பையிலிருந்து பாட்டு கார்டை எடுத்தேன். காய் நறுக்குகிற கத்தியால் அதன் ஓரத்தில் நகத்தளவு வெட்டி, பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே அழுத்திச் செருகினேன். ஆம்ப்ளிஃபயரின் சின்ன சிவப்பு விளக்கு துடிக்காமல் நின்று எரிந்தது.

"சரியாப் போச்சா?"

"சத்தம் எதுவரைக்கும் போவுதுன்னு பாக்கணும். யாராவது அந்தக் கடைசிக் கடைகிட்ட போய் நிக்கணும்."

"மொதலாளிய வேலைக்கு அனுப்புதியாலே? நேரந்தான்." சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். "கேட்டா என்ன செய்யணும்?"

"துண்டச் சுத்துங்க."

அவர் கூட்டத்துக்குள் குடையில்லாமல் போய், வளைவுக்குப் பக்கத்தில், சாரலில் பாதி மறைந்து நின்றார். நான் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"காத்தே காத்தே கடையத்துக் காத்தே,
கடைசி வீட்டுக்குக் கேக்குதா, சொல்லு காத்தே."

குழாய் கிறீச்சிடவில்லை, சத்தம் உடையவும் இல்லை. குளிக்கப் போகிறவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பாதையின் கடைசியில் சிவப்புத் துண்டு ஒருமுறை சுழன்றது. பிறகு அது நிற்கவே இல்லை, அவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் கடையிலேயே எனக்கு வேலை கிடைத்தது, ஆனால் அந்த வேலையில் நான் மைக்கில் முதலில் கூவியது சிப்ஸ் இல்லை.

"போதும் அண்ணாச்சி, வாங்க" என்றேன்.